இளைப்பதற்கும் உணவு வேண்டும்

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், ஓட்டப்பந்தயத்திற்காக உடல் இளைக்க விரும்பிய மாணவன் ஒருவன் காலையுணவை விட்டான். நல்ல மனவுறுதி என்று நானே மெச்சினேன். மூன்றாம் வாரம் ஆடுகளத்தில் மயங்கி வீழ்ந்தான். அப்பிழையில் எனக்கும் பங்குண்டு.

உண்ட உணவின் ஆற்றலில் பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சுவதே இதயத்துக்கும் எலும்புக்கும் உரியது. கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்கும் கீழாக அது நெடுநாள் தாழ்ந்தால் எலும்பு நலியக்கூடும். மகளிர்க்கு மாதவிடாயும் நிற்கக்கூடும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே 2014இல் இதுபற்றி எச்சரித்தது.

ஆகவே வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். எண்ணெய்ப் பலகாரத்தையும் சர்க்கரையையும் சுருக்கலாம். தசையைக் காக்கும் பருப்பு, முட்டை, தயிர் ஆகியவற்றைக் குறைத்தலாகாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோறோ இட்டலியோ தேவை.

மறு ஆண்டு அம்மாணவன் உண்டபின்பே ஓட வந்தான். மெல்லத்தான் இளைத்தான், ஓட்டம் தளரவில்லை.