பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

“மகன் படிக்கிறாரா, ‘லேர’ செய்கிறாரா?” சுவிற்சர்லாந்தில் எம்மவர் கூடுமிடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. தொழிற்பயிற்சி படிப்பாகாது என்னும் தீர்ப்பு அக்கேள்விக்குள்ளேயே அடங்கியுள்ளது.

இம்மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் 1970களில் தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தபோது, பல்கலைக்கழக வாயில் தமிழ் மாணவர்க்குக் குறுகியது. உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகள் குறைந்தாலே மருத்துவமும் பொறியியலும் கைநழுவின. அந்த அச்சத்தையும் சுமந்துகொண்டே எம்மவர் புலம்பெயர்ந்தனர்.

சுவிஸ் கல்வியின் அமைப்போ வேறு. இங்கு கட்டாயக் கல்வியை முடிக்கும் இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்கல்வியையே தெரிவு செய்கின்றனர். வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பாடசாலை, எஞ்சிய நாட்கள் தொழிலகம். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளின் முடிவில் நாடெங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் கிடைக்கின்றது. பயிற்சிக் காலத்திலேயே சம்பளமும் உண்டு.

இப்பாதையை உயர்கல்வியோடு இணைக்கும் முயற்சி படிப்படியாக நடந்தேறியது. 1994இல் தொழில்சார் ‘மத்தூரா’ அறிமுகமானது. மொழி, கணிதம் முதலிய பாடங்களைப் பயிற்சியோடு சேர்த்தோ, அதன் பின்னரோ கற்று இதனைப் பெறலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகங்களுக்கு வழியமைத்தது. தொழில்சார் மத்தூரா பெற்றோர் தத்தம் துறைக்குரிய பட்டப்படிப்பை அங்கு தொடரலாம். 2000களின் நடுப்பகுதியில் ‘பசறெல்’ வந்தது. அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருளே சிறுபாலம் என்பதுதான். ஐந்து பாடத்துறைகளில் மேலதிகப் பரீட்சைக்குத் தோற்றித் தேறியோர்க்குச் சூரிச், பேர்ண் போன்ற பல்கலைக்கழகங்களின் கதவுகளும் திறக்கும்.

பாலம் உண்டு, ஆயினும் அது அகலமானதன்று. இரண்டாண்டுப் பயிற்சியை மட்டும் முடித்தவர், முதலில் மூன்றாண்டுச் சான்றிதழை எட்டவேண்டும். எனவே பயிற்சி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் இரண்டைக் கேட்டறிதல் அவசியம். இது எத்தனை ஆண்டுப் பயிற்சி? தொழில்சார் மத்தூரா வகுப்புகளுக்குச் செல்லத் தொழிலகம் அனுமதிக்குமா?

தாயகத்தில் பெற்ற பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, உணவகச் சமையலறைகளில் உழைத்தோர் எம்மிடையே பலர். தொழிலோடு பொருந்தாத பட்டத்தின் நிலையை அவர்களைவிட அறிந்தவர் எவர்? கையில் தொழிலோடு பல்கலைக்கழகம் புகும் பிள்ளையைத் தோற்றவனெனக் கருதுவது எவ்வகையில் நியாயம்?