ஒரே பிள்ளை, இருவகைக் கலங்கள்

பிறந்த பிள்ளையின் முதுகில் வெளிறிய கோடுகள், வயிற்றில் சுழி சுழியாய்க் கரும்படை. "கிரகணத்தப்ப வெளிய போனியா?" என்ற கேள்வி முதலில் தாயைத்தான் துளைக்கும். "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்பது அடுத்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட லயங்களில் கேட்கும் இந்த இரண்டு பேச்சுமே தவறு.

கருக்கட்டிய முட்டை ஒரே ஒரு கலம். அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகித்தான் பிள்ளை உருவாகிறது. ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. ஒரு கலத்தில் அதில் பிழை நேர்ந்தால், அதன் வழிவந்த கலங்களெல்லாம் அந்தப் பிழையைச் சுமக்கும். மற்றவை பழையபடி இருக்கும். இதுவே மொசைக் நிலை. பிழை முந்தி நேர்ந்தால் உடலில் பெரும்பங்கு மாறும். பிந்தினால் சிறு திட்டோடு நின்றுவிடும். வாசல் குரோட்டனில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் துளிர்ப்பதும் இப்படித்தான்.

தோலில் மொசைக் கோடுகள் ஓடும் பாதையை ஜெர்மன் மருத்துவர் அல்பிரட் பிளாஸ்கோ 1901இல் வரைந்து காட்டினார். கருவில் தோல் கலங்கள் பெருகிப் பரவிய தடம் அது என்பது பிற்காலத்தில் தெளிவானது.

டவுன் சிண்ட்ரோமிலும் மொசைக் நிலை உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் கலங்களில் 46க்குப் பதில் 47 நிறமூர்த்தங்கள் இருப்பதை 1959இல் பிரான்சின் ஜெரோம் லெஜூன் குழு அறிவித்தது. அத்தகைய பிள்ளைகளில் நூற்றுக்கு ஓரிருவருக்கு, சில கலங்களில் 46, சிலவற்றில் 47. அடையாளங்கள் மங்கலாக இருந்து, கண்டுபிடிப்பது தாமதமாகலாம். இரத்தத்தில் தெரியாதது தோல் கலப் பரிசோதனையில் தெரியவும் கூடும்.

சொந்தத்தில் கட்டுவது தலசீமியா போன்ற நோய்களுக்கு வழி வைக்கும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருப்பதே அதற்குக் காரணம். கருக்கட்டியபின் நேரும் பிழைக்கு இருவருமே பொறுப்பில்லை. பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்கு அது வராது.

கோடுகள் மட்டுமென்றால் பல பிள்ளைகளுக்குத் தீங்கில்லை. வலிப்பு, பார்வைக் கோளாறு, உட்கார, நடக்க, பேசத் தாமதம் ஆகியவை சேர்ந்திருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லி, அரச வைத்தியசாலையின் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். நிறமூர்த்தப் பரிசோதனைக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் அலகு இருக்கிறது. அங்கே போய்வர ஒரு நாள் வேலை போகும். அந்த நாளுக்குத் தாய்க்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) போட்டுக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. அவளைக் குற்றவாளியாக்காதிருப்பது நம் எல்லோரின் கடமை.