ஸ்டூ பெர்ரி தொலைவுப் போட்டி

ஸ்டூ பெர்ரி தொலைவுப் போட்டி என்பது, 160 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் குறியீட்டை மட்டும் பயன்படுத்தி நடத்தப்படும் உலகளாவிய அமெச்சூர் வானொலிப் போட்டியாகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த போரிங் அமெச்சூர் வானொலிச் சங்கம் இதை 1990களிலிருந்து நடத்திவருகிறது. முதன்மைப் போட்டி டிசம்பர் இறுதியில் ஒரு வாரயிறுதியில் நடைபெறும்.

பெயர்க்காரணம்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் விந்த்ரோப் நகரில் வாழ்ந்த ஸ்டூவர்ட் பெர்ரியின் நினைவாக இப்போட்டிக்குப் பெயரிடப்பட்டது. அவரது அழைப்புக்குறி டபிள்யூ1பிபி. இந்த அலைவரிசையில் கடல் கடந்த தொடர்புகள் அரிதாக இருந்த காலத்திலேயே அவற்றுக்கு முயன்றவர்களில் அவர் முன்னோடி.

160 மீட்டரின் இயல்பு

அமெச்சூர்களுக்கான சிற்றலை வரிசைகளுக்குக் கீழே, நடுத்தர அலை ஒலிபரப்பை ஒட்டி இந்த அலைவரிசை அமைந்துள்ளது. அமெரிக்காவில் இது 1800 முதல் 2000 கிலோஹெர்ட்ஸ் வரையும், இந்தியாவில் 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரையும் ஒதுக்கப்பட்டுள்ளது. பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைவதால், மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். கோடையில் இடிமின்னலால் எழும் இரைச்சல் மிகுதி. ஆகவே வடகோளத்தில் நீண்ட இரவுகளைக் கொண்ட குளிர்காலமே இதற்கு ஏற்ற பருவம்.

புள்ளிக் கணக்கு

பல போட்டிகளில் எத்தனை நாடுகளுடன் தொடர்பு ஏற்பட்டது என்பது மதிப்பெண்ணைப் பெருக்கும். அதனால் அருகருகே பல நாடுகள் உள்ள ஐரோப்பா போன்ற பகுதியினருக்கு வாய்ப்பு அதிகம். இப்போட்டியில் தொலைவே அளவுகோல். ஒவ்வொரு தொடர்புக்கும் 1 புள்ளியும், முழுமையான ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் கூடுதலாக 1 புள்ளியும் உண்டு.

தொடர்பின்போது இருவரும் தங்கள் இருப்பிடத்தைக் குறிக்கும் கட்டக் குறியீட்டைப் பரிமாறிக்கொள்வர். இரண்டு எழுத்துகளும் இரண்டு எண்களும் கொண்ட இது, 2 பாகை நெட்டாங்கும் 1 பாகை அகலாங்கும் உள்ள கட்டத்தைக் குறிக்கும். விந்த்ரோப் அமைந்த கட்டம் எஃப்என்42. போரிங் அமைந்த கட்டம் சிஎன்85. இவற்றுக்கிடையே சுமார் 4,100 கிலோமீட்டர் என்பதால், இத்தொடர்புக்கு 9 புள்ளிகள் கிடைக்கும். குறைந்த திறனில் இயக்குவோரின் மொத்தப் புள்ளிகள் பெருக்கிக் கணக்கிடப்படும்.

கேட்கும் திறன்

இம்முறையில் மிகுந்த புள்ளி தருவது பெரும்பாலும் மிக மெலிந்த குறிப்பொலியே. ஆகவே உரக்க அனுப்புவதைவிட நுட்பமாகக் கேட்பதே வெற்றியை முடிவு செய்கிறது. வலுவாக ஒலிபரப்பியும் பிறரைக் கேட்க இயலாத நிலையத்தை ஹாம் வட்டாரத்தில் ‘முதலை’ என்று கேலி செய்வர். வாய் பெரிது, காது சிறிது என்பது பொருள்.

கால் அலைநீள நெடுக்குக் கம்பத்துக்கே 40 மீட்டர் உயரம் தேவை. இடமில்லாதோர் பாதி உயர்ந்தும் பாதி படுக்கையாகவும் செல்லும் கம்பியைப் பயன்படுத்துவர். அனுப்பும் ஆண்டெனா இரைச்சலையும் சேர்த்து வாங்குவதால், கேட்பதற்குத் தனி ஆண்டெனா அமைப்பதும் உண்டு. ஹரால்ட் பெவரேஜ் 1921இல் காப்புரிமை பெற்ற பெவரேஜ் ஆண்டெனா இவ்வகையில் புகழ்பெற்றது. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும் இக்கம்பி, ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் நன்கு வாங்கி, மற்றத் திசைகளின் இரைச்சலைக் குறைக்கும்.

மோர்ஸ் குறி மிகக் குறுகிய அலைப்பட்டையே எடுத்துக்கொள்வதால், வாங்கியில் சில நூறு ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டியை இட்டு அடுத்த நிலையத்தின் இடையூறைத் தவிர்க்கலாம். ஓர் எழுத்து தவறினாலும் தொடர்பின் புள்ளி போய்விடும். எனவே ஐயம் எழுந்தால் கேள்விக்குறி அனுப்பி மீண்டும் கேட்பதே நல்ல வழக்கம்.

நேரத் திட்டம்

போட்டி 24 மணிநேரம் நீடிக்கும். அது உலக நேரப்படி சனிக்கிழமை 15:00 மணிக்கு, அதாவது இந்திய நேரம் இரவு 8:30 மணிக்குத் தொடங்கும். தனி நபர் அதில் 14 மணிநேரம் மட்டுமே இயக்கலாம். எந்த நேரத்தில் ஓய்வெடுப்பது என்பதைத் திட்டமிட வேண்டும். இரு நிலையங்களில் ஒன்றில் கதிரவன் உதிக்கும் தறுவாயில், தொலைதூர ஒலி சில நிமிடங்கள் வலுத்துப் பின் விரைவில் மறைவது உண்டு. இரவெல்லாம் விழித்திருந்து விடியலில் உறங்கிவிடுபவர், அன்றைய மிகத் தொலைவான தொடர்பை இழக்க நேரிடும்.