வினையும் தலையெழுத்தும் கள்ளுக்கடையும்

ஐந்தாம் நூற்றாண்டில் வங்கத்தின் ரக்தமிருத்திகையைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருமாலுமி, தன் கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று பழைய கெடாவில் ஒரு கல்லை நாட்டினான். வேண்டுதலோடு ஒரு தூபியும், ஒரு தத்துவமும் அதில் செதுக்கப்பட்டன. வினைக்கு வேர் அறியாமை, அறிவு வந்தால் அந்த வேர் அற்றுப்போகும் என்பது அதன் சாரம். புயலுக்குப் பயந்த மனிதன் பௌத்த மெய்யியலைத் துணைக்கு அழைத்திருக்கிறான்.

1834-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ இந்தக் கல்லைக் கண்டெடுத்த இடம் இன்றைய மலேசியாவின் செபராங் பிறை. 1800 வரை அது கெடா சுல்தானின் மண். கல் இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்து அதே வட்டாரத்தை ரப்பர் பால்மரங்கள் மூடின. மரம் சீவிப் பால் எடுக்க வந்த தமிழர்களிடமும் வினை என்ற எண்ணம் இருந்தது. ஆனால் அது 'நம்ம தலையெழுத்து' என்று சுருங்கிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு நிற்பதும், தோட்டத்துத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்குவதும், கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கின. புத்தகுப்தனின் கல் காரணத்தைத் தேடச் சொன்னது. தலையெழுத்தோ தேடுகிறவனையும் உட்கார வைத்துவிடும்.

இந்த மனப்போக்கைத் தாக்கியவர்களில் முதன்மையானவர் பெரியார். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயா முழுக்கப் பேசினார். 1954-இல் ரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் போனவர், அங்கிருந்து மறுபடியும் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதை என்பது மேடையில் பெரிய சொல்தான். தோட்டத்தில் அதன் அளவு ஒரு சைக்கிள்! 1941-இல் கிள்ளான் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கூலி உயர்வோடு சேர்ந்தே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. மனிதனை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற ஜெர்மானியத் தத்துவஞானி காண்டின் கருத்தை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் குரல் கெடாவில் எழுந்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. இளைஞர்கள் அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். குடிப்பது தலைவிதி என்றால் மறியலுக்கு அர்த்தமே இல்லை. கடை இருப்பதால் குடிக்கிறான், கடையை எடு என்று அவர்கள் காரணத்தின் மீது கை வைத்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் மறியல் போலீஸ் மோதலாக முடிந்தது. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். கள்ளைப் பற்றிய பேச்சு அதற்குள் கூலி, சங்கம் என்று விரிந்துவிட்டிருந்தது. குடிகாரனைத் திருத்துவதோடு நின்றிருந்தால் நிர்வாகம் இவ்வளவு பதறியிருக்காது.

பிறகு இந்த விவாதத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. 1952-இல் வந்த 'பராசக்தி'யில், கலைஞரின் வசனத்தில், நீதிமன்றக் கூண்டில் நிற்கும் நாயகன் தன் குற்றத்துக்குச் சமூகத்தையே காரணமாகக் காட்டுகிறான். அதே தமிழ்ச் சினிமா அடுத்த படத்திலேயே 'எல்லாம் விதி' என்று அழவும் செய்யும். ரசிகர்கள் இரண்டுக்கும் கைதட்டினார்கள். இன்றைய கைப்பேசித் தலைமுறைக்குக் 'கர்மா' என்றால் தனக்குத் தீங்கு செய்தவனுக்குக் கிடைக்கப்போகும் அடி. தன் அறியாமையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இதற்கிடையே தோட்டங்களில் கள்ளுக்கடைக்குப் போட்டியாகச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. கெடாவின் லூனாஸில் பிறந்த எழுத்தாளர் ம. நவீன், அந்த ஊரின் விஷச் சாராய மரணங்களைப் பின்னணியாக வைத்து 'பேய்ச்சி' நாவலை 2019-இல் வெளியிட்டார். 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது.