புயலுக்குப் பிறகு இலங்கை மலைநாடு: பேராக்கிலிருந்து போகலாமா?

நுவரெலியாவுக்கும் சீதை அம்மன் கோயிலுக்கும் குடும்பத்தோடு போகலாம் என்று பேசி வைத்திருந்து, 2025 இறுதியில் வந்த புயல் செய்தியைப் பார்த்து அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டீர்களா? ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார் பக்கத்தில் உங்களைப் போல இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போகலாமா, எப்போது போகலாம், உங்கள் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அங்கே என்ன நடந்தது? 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டது. காற்றைவிட மழைதான் அதிகம் அழித்தது. நாட்டின் 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை, கேகாலை ஆகிய மலை மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்து வீடுகளை மூடியது. கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் விளைநிலத்துக்கும் ஏற்பட்ட சேதத்தை உலக வங்கி சுமார் 410 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டது. மாவட்டங்களில் மிக அதிகச் சேதம் கண்டிக்கு.

மலை ஏன் சரிகிறது? சரிவில் இருக்கும் மண்ணைப் பிடித்து வைப்பது மண் துகள்களுக்கு இடையே உள்ள உராய்வு. மழை நீர் உள்ளே இறங்க இறங்க மண்ணின் எடை கூடும், அந்தப் பிடி தளரும். தேயிலைக்காகவும் சாலைக்காகவும் லயன் வீடுகளுக்காகவும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 150 ஆண்டுகளுக்கு மேலாக வெட்டப்பட்ட சரிவுகள் அவை. பெருமழை விடாமல் பெய்தால் எங்காவது ஓர் இடம் விட்டுவிடும்.

அப்படியானால் மலைநாடு முழுவதும் போகக்கூடாத இடமா? இதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலையில் மண் சரிந்தால் ஈப்போக்காரர் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போவார். கேமரன் மலையே மூடிவிட்டது என்று யாரிடமும் சொல்லமாட்டார். நுவரெலியாவுக்கும் அப்படித்தான். கண்டிப் பக்கமிருந்து கம்பளை, ரம்பொடை வழியாக ஏறும் சாலை ஒன்று. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக ஏறும் சாலை இன்னொன்று. பதுளை, வெலிமடைப் பக்கமிருந்தும் ஏறலாம். ஆகவே நாடு பாதுகாப்பானதா என்று கேட்டால் உங்களுக்கு உருப்படியான பதில் கிடைக்காது. எந்தச் சாலை, எந்த ஊர், எந்த வாரம் என்று கேளுங்கள்.

இப்படிக் கேட்காமல் பொத்தாம் பொதுவாகப் பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளம் சாட்சி. 2015 ஏப்ரல் 25 அன்று அங்கே 7.8 அளவில் நிலநடுக்கம். ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அப்போதிருந்த 75 மாவட்டங்களில் மிகக் கடுமையாக அடிபட்டவை 14. பொக்காராவும் அன்னபூர்ணா மலைப்பாதைகளும் பெரும்பாலும் தப்பிவிட்டன. நம்மவர்கள் யாத்திரை போகும் முக்திநாத்தும் அந்தப் பக்கம்தான். ஆனால் வருகை நாடு முழுக்கச் சரிந்தது. 2014இல் சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம் பேர் வந்த நாட்டுக்கு 2015இல் 5 லட்சத்து 39 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். சுவரில் ஒரு கீறல்கூட விழாத ஊரில் விடுதி நடத்தியவர் வருமானத்தை இழந்தார். மூட்டை தூக்கிப் பிழைத்தவரும் இழந்தார். எண்ணிக்கை 2016இல்தான் 7 லட்சத்து 53 ஆயிரத்துக்கு ஏறியது.

இலங்கையின் கதை இன்னும் நீண்டது. 2018இல் 23 லட்சம் பேர் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி. 2021இல் வந்தவர்கள் 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2024இல்தான் எண்ணிக்கை மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. அப்படி எழுந்து நின்ற நேரத்தில் வந்தது இந்தப் புயல்.

"செத்தவர்கள் வீட்டுக்கு உல்லாசப் பயணமா?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீட்புப் பணி நடக்கும் முதல் வாரங்களில் போவது தவறு. அப்போது சாலையும் எரிபொருளும் படுக்கையும் அங்குள்ளவர்களுக்கே போதாது. அந்தக் காலம் கழிந்தபிறகு நிலைமை வேறு. நிவாரணப் பொட்டலம் வருவது நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் விடுதிச் சமையல்காரரும் சாலையோரம் காரட் விற்பவரும் அப்போதுதான் வாடிக்கையாளரைத் தேடுவார்கள். நம் ஈப்போவிலேயே 1973 அக்டோபர் 18 அன்று குனோங் சீரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து 40 பேர் இறந்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடிகள் இன்றும் அந்தக் குனோங் சீரோ கல்லுமலைக்குத்தான் போகின்றன. அதை யாரும் அவமரியாதை என்று நினைப்பதில்லை.

பாதுகாப்பை எப்படித் தெரிந்துகொள்வது? இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை கொடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் பகுதி வாரியாக அறிவிப்பார்கள். ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. உங்கள் விடுதி இருக்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரை (நம் ஊரில் முக்கிம் போன்ற நிர்வாகப் பகுதி) முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை அந்தப் பெயரில்தான் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (பேரிடர் மேலாண்மை அலுவலகம்) அவசர எண் 117, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1912.

எந்த மாதம் நல்லது? நுவரெலியாவுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. சீனப் புத்தாண்டு விடுமுறை இதற்குப் பொருந்தும். ஏப்ரலில் அங்கே சீசன், கூட்டமும் அறை வாடகையும் கூடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், தலவாக்கலைச் சரிவுகளை நனைக்கும். அக்டோபரும் நவம்பரும்தான் நான் தயங்கும் மாதங்கள். தீபாவளி விடுமுறை அப்போதுதான் வருகிறது, தெரியும். ஆனாலும் புயல் உருவாகும் காலம் அது, மண்ணும் ஏற்கெனவே ஊறியிருக்கும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்த மாதங்களில் மலை ஏற வேண்டாம். பதுளை, எல்ல பக்கம் டிசம்பரிலும் ஜனவரியிலும் மழை பெய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரயில்? கொழும்பிலிருந்து நானுஓயா, எல்ல வழியாகப் பதுளைக்குப் போகும் பாதைதான் பலருக்கும் கனவு. புயலில் அது பல இடங்களில் சேதமடைந்தது. இப்படிப்பட்ட பாதை பகுதி பகுதியாகத்தான் திறக்கும், பெருமழை வந்தால் மறுபடி நிற்கும். ரயிலை நம்பி முழுப் பயணத்தையும் அடுக்காதீர்கள். ஓடினால் ஏறிக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் வண்டியில் போகும்படி நாட்களை வையுங்கள்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அறையிலிருந்து தெரியும் காட்சியைப் பார்க்கிறோம், அறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலை சிலாங்கூர் பத்தாங் காலியில் 31 பேர் இறந்தது நினைவிருக்கும். மண் வந்தது மேலேயிருந்து, கூடாரத்தில் தூங்கியவர்கள் மீது. அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமமும் இல்லை. ஆகவே விடுதிக்குப் பதிவு உண்டா என்று கேளுங்கள். பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருக்கிறதா, புயலின்போது அந்த வளாகத்தில் என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு பெரிய வசதி. ஐரோப்பியப் பயணிக்கு முகவர் சொல்வதுதான் செய்தி. நீங்களோ ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கும் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, ரம்பொடைப் பக்கம் ரோடு எப்படி? ராத்திரி வரலாமா, பகல்லயே வந்துடணுமா?" என்று தமிழிலேயே கேட்கலாம். உண்மையான பதில் வரும். அதே கேள்வியை ஓட்டுநரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் கிளம்புங்கள்.

அங்கே போனபிறகு பெருமழை பிடித்துக்கொண்டால்? தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சாய்வது, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, ஓடிய ஊற்று சட்டென்று நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெட்டியைத் தேட வேண்டாம். கடப்பிதழை எடுத்துக்கொண்டு சரிவின் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள். நீரோடை ஓரமாக இறங்காதீர்கள். 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் 44 பேரைக் கொண்டுபோனது ஆற்றோடு வந்த சேறும் மரங்களும்தான்.

பயணக் காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. பெயர் சூட்டி அறிவிக்கப்பட்ட புயலுக்குப் பிறகு எடுக்கும் காப்புறுதி, அந்தப் புயலால் வரும் இழப்பை வழக்கமாக ஏற்பதில்லை. விமானச் சீட்டு வாங்கும் அன்றே காப்புறுதியும் எடுங்கள். இயற்கைப் பேரிடரால் பயணம் ரத்தானால் எவ்வளவு கிடைக்கும் என்ற பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி பணம். நீங்கள் போவதனால் மட்டும் மலைநாட்டு மக்கள் பிழைத்துவிடமாட்டார்கள். முழுத் தொகையையும் கோலாலம்பூரிலேயே கட்டிவிட்டு, கொழும்பு நிறுவனத்தின் பேருந்தில் ஏறி, பெரிய ஹோட்டலில் சாப்பிட்டுத் தூங்கித் திரும்பினால், வழியில் இருக்கும் தோட்டத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். விமானச் சீட்டையும் முதல் இரவுத் தங்கலையும் மட்டும் இங்கிருந்து முடித்துக்கொள்ளுங்கள். மற்றதை அங்கேயே ரூபாயில் கொடுங்கள். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் சிறு விடுதி, ஹட்டன் கடைத்தெருச் சாப்பாட்டுக் கடை, சாலையோரக் காய்கறி. ஓட்டுநரை நாள் கணக்கில் அமர்த்தினால், அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா என்று விடுதியில் கேளுங்கள். பல ஓட்டுநர்கள் வண்டியிலேயே தூங்குகிறார்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கங்காணி முறை (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடு) முதலில் வேரூன்றியது இலங்கையில், பிறகுதான் மலாயாவுக்கு வந்தது. தமிழகத்தின் ஒரே ஊர்களிலிருந்து ஒரு கப்பல் அங்கே போனது, இன்னொன்று இங்கே வந்தது. பால்மரத் தோட்டம் விற்கப்பட்டபோது தலைமுறையாக இருந்த லயத்தை விட்டு நிலமில்லாமல் வெளியேறிய குடும்பங்கள் பேராக்கில் எத்தனை! அங்கே லயன்களில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் காலடி மண்ணுக்குப் பத்திரம் கிடையாது. வீடு சரிந்தால் எந்த மண்ணில் திரும்பக் கட்டுவது என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி.

உதவிப் பொருள் எடுத்துப் போகலாமா? பழைய துணி மூட்டை வேண்டாம். அங்கே கடை இருக்கிறது, அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் வேண்டும். பாடப் பொருட்களை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வாங்கித் தோட்டப் பள்ளி அதிபரிடம் (தலைமையாசிரியர்) கொடுங்கள். பிள்ளைகள் கையில் காசு கொடுக்காதீர்கள். பயணிகள் வரும் நேரத்தில் பள்ளிக்குப் போகாமல் சாலையில் நிற்கப் பழகிவிடுவார்கள். இடிந்த லயத்தின் முன் நின்று படம் எடுக்கவே வேண்டாம். கொழுந்து பறிக்கும் அம்மாவைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் கேளுங்கள். அவர் பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அவருடைய வேலை நேரத்தை எடுக்கிறீர்கள்.

திரும்பி வந்ததும் நாலு பேர் உங்களிடம் "அங்கே இப்போ எப்படி?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லி முடிக்காதீர்கள். எந்தத் தேதியில் எந்தச் சாலையில் ஏறினீர்கள், எங்கே வேலை நடக்கிறது, எந்த விடுதியில் தங்கினீர்கள், ஓட்டுநர் எப்படி, அவர் சம்மதித்தால் அவருடைய எண் என்று சொல்லுங்கள். கேட்டவர் அதை வைத்துக்கொண்டு அன்றைக்கே அந்த விடுதிக்குப் பேசிப் பார்க்கலாம்.