அரைக்கால் சட்டையும் முழுக்கால் சட்டையும்

மனிதன் உடுக்கும் உடை வெயிலுக்கும் குளிருக்கும் காப்பாக மட்டும் அமைந்ததன்று. இவர் இன்ன வயதினர், இன்ன தொழிலினர், இன்ன நிலையினர் என்று பிறருக்கு அறிவிக்கும் அடையாளமாகவும் அது விளங்குகிறது. சிறுவர்களின் கால்சட்டையை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை நன்கு புலப்படும். அது முழங்காலுக்கு மேல் நிற்பதா, கணுக்கால் வரை நீள்வதா என்னும் சிறு வேறுபாட்டுக்குள் பெரிய சமூக வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. பெங்களூரு நகரம் அவ்வரலாற்றைக் காண்பதற்கு ஏற்ற இடம்.

முதலில் சொற்களை நோக்குவோம். இடையில் இறுக அணியும் குறுங்கால் உடைக்குச் ‘சல்லடம்’ என்ற பெயர் தமிழில் நெடுங்காலமாக உண்டு. ‘நிஜார்’ என்பது உருது வழியாக நம்மிடம் வந்தது. ‘டவுசர்’ ஆங்கிலச் சொல்லின் திரிபு. ‘நிக்கர்’ என்பதன் கதை வேடிக்கையானது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், நியூயார்க் நகரைப் பற்றிய தம் நகைச்சுவை வரலாற்று நூலை 1809-ஆம் ஆண்டில் ‘நிக்கர்பாக்கர்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார். அப்பெயர் பின்னர் முழங்காலளவுக் கால்சட்டைக்கு ஆகி, சுருங்கி, நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதே 1809-ஆம் ஆண்டில்தான் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருவுக்கு மாற்றித் தண்டுப் பகுதியை அமைக்கத் தொடங்கினர். சென்னைப் படையுடன் தமிழ் பேசும் வீரர்களும், வணிகரும், தையற்காரரும், பிற தொழிலாளரும் வந்து குடியேறினர். பழைய பேட்டைப் பகுதியில் வேட்டியும் தலைப்பாகையும் வழக்கில் நிற்க, தண்டுப் பகுதியில் ஐரோப்பிய உடை பெருகிற்று. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென 1865-இல் பிஷப் காட்டன் பள்ளியும், 1880-இல் பால்ட்வின் பள்ளியும் தோன்றின. தமிழரான ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஏழைப் பிள்ளைகளுக்காக 1873-இல் ஒரு பள்ளியை நிறுவினார். இவ்வாறு ஒரே நகரில் இருவேறு உடைகளில் சிறுவர்கள் கல்வி கற்றனர்.

காக்கி அரைக்கால் சட்டை படைவீரரிடமிருந்து சிறுவரிடம் வந்தது. ‘காக்’ என்றால் பாரசீகத்தில் புழுதி. 1840-களின் பிற்பகுதியில் பெஷாவரில் லம்ஸ்டன் என்னும் அதிகாரி திரட்டிய படையே இப்புழுதி நிற உடையை முதலில் அணிந்தது. பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கம் அந்நிறத்தையும் அரைக்கால் சட்டையையும் சிறுவர்க்கு உரியனவாக்கிற்று. இந்தியாவின் முதற் சாரணர் படைகளுள் ஒன்று 1909-இல் பெங்களூருவில் தோன்றியது. ஆயினும் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. இக்குறையை நீக்க அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துச் சிறுவர்கள் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை அணிந்தனர். உடை பொதுவாயிருக்கலாம், அதை அணியும் உரிமையும் பொதுவாதல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் கருத்து.

ஐரோப்பாவில் இக்கால்சட்டை எவ்வாறு வளர்ந்தது? அங்கு ஆண் குழந்தைகளும் ஐந்தாறு வயது வரை கவுன் அணிந்திருந்த காலம் ஒன்று உண்டு. 1780-களில் சிறுவர்கள் நீண்ட கால்சட்டை அணியலாயினர். அப்போது அவர்களுடைய தந்தையரோ முழங்காலளவு சட்டையே அணிந்திருந்தனர். நூறாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று. தந்தையர் முழுக்கால் சட்டைக்கு மாறியதும் சிறுவர்க்கு அரைக்கால் சட்டை உரியதாயிற்று. ஆகவே நீளம் முக்கியமன்று. பெரியவரினின்றும் சிறுவரை வேறுபடுத்துவதே நோக்கம் என்பது தெளிவு.

ஜெர்மனியின் அனுபவம் நம் சிந்தனைக்கு உரியது. இரண்டாம் வில்லியம் பேரரசர் காலத்தில், கடற்படைப் பெருமை ஓங்கிய நாளில், கப்பல் மாலுமியின் உடை சிறுவரின் நல்லுடையாயிற்று. கீல் துறைமுகத்தின் பெயராலேயே அது வழங்கிற்று. தெற்கே பவேரியாவில் தோலால் தைத்த அரைக்கால் சட்டை பெருவழக்கில் இருந்தது. எளிதில் கிழியாத அதனைத் தம்பிமாரும் தொடர்ந்து அணியலாம். பின்னர் இட்லரின் ஆட்சி, பழுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால் சட்டையும் கொண்ட இளைஞர் படையில் சிறுவரைச் சேர்த்தது. 1939-இல் அது கட்டாயமாயிற்று. சீருடை சிறுவரை ஒன்றுபடுத்தவும் கூடும், ஒரு கொள்கைக்கு அடிமையாக்கவும் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இன்று ஜெர்மனியின் அரசுப் பள்ளிகளில் பொதுவாகச் சீருடை இல்லை.

நம் நாட்டில் அரைக்கால் சட்டை நிலைத்ததற்குச் சிக்கனமும் ஒரு காரணம். துணி குறைவாகச் செலவாகும். விளையாட்டில் முதலில் கிழிவது முழங்கால் பகுதியே. சிராய்த்த தோல் தானே ஆறும், கிழிந்த துணி ஆறாது. வளரும் பிள்ளை என்பதற்காகத் தையற்காரர் உள்மடிப்பை அகலமாக விட்டுத் தைப்பதும், ஆண்டுதோறும் அதனைப் பிரித்து நீட்டுவதும் வீடுகளில் வழக்கம். உயர்நிலைப் பள்ளியில் முதல் முழுக்கால் சட்டை கிடைத்த நாளில் தான் ஆளாகிவிட்டதாகச் சிறுவன் எண்ணினான்.

இன்று சிறு குழந்தையும் முழுக்கால் சட்டை அணிகிறது. நீளத்துக்கு இருந்த பழைய பொருள் மங்கிவிட்டது. ஆனால் உடையால் விளையும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை. செல்வனும் ஏழையும் ஒரு வகுப்பில் வேறுபாடின்றி அமர வேண்டும் என்பதற்கே சீருடை ஏற்பட்டது. ஒரு சோடியே உள்ள சிறுவன் நிலை என்ன? மழைக்காலத்தில் துவைத்தது உலராவிட்டால், ஈர உடையுடன் போவதா, பள்ளிக்கே போகாமல் இருப்பதா? இது கற்பனைக் கேள்வியன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தபின் இது வழக்காகவே எழுந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு இரண்டு சோடிச் சீருடை வழங்குமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் 2019-இல் ஆணையிட்டது. ஆணை உரியவாறு நிறைவேறாமை கண்டு 2023-இல் மீண்டும் அரசைக் கடிந்துகொண்டது.

அரைக்கால் சட்டையா, முழுக்கால் சட்டையா என்பதை அந்தந்தப் பள்ளியும் பெற்றோரும் தட்பவெப்பத்துக்கேற்ப முடிவு செய்யலாம். எதுவாயினும், பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உடை ஒன்றும், மாற்றுடை ஒன்றும் கையில் இருக்கின்றனவா என்பதை ஆசிரியரும் பள்ளிக் குழுவினரும் கேட்டறிதல் வேண்டும்.