முடிச்சு அவிழ்ந்தால் பொட்டு

விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டு கைவினைப் பொருள்கள் செய்து, விற்ற பணத்தை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பது பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வழக்கமாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வரும் நாட்கள் இதற்குத் தோதானவை. யுனிசெஃப் நிறுவனத்தின் வாழ்த்து அட்டை விற்பனையே ஒரு குழந்தையின் கைவேலையில் தொடங்கியதுதான். போரில் நொறுங்கிய செக்கோஸ்லோவாக்கியாவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, காகிதம் கிடைக்காமல் கண்ணாடியில் வரைந்த நன்றிப் படம் 1949-இல் அதன் முதல் அட்டையாக வந்தது.

நம்மூர் விற்பனை மேசைகளில் பெரும்பாலும் தெர்மாகோலும் ஜிகினாத் தூளும்தான் இருக்கும். எந்த ஊரில் செய்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சின்னாளப்பட்டிக்கு அந்தக் குறை வர வேண்டியதில்லை. செயற்கைப் பட்டுச் சேலைக்கும் சுங்குடிக்கும் பேர்போன ஊர் அது. தறியில் மிஞ்சிய நூலும் தையல்கடை வெட்டுத்துணியும் கேட்டால் கிடைக்கும்.

சுங்குடி என்பது துணியை விரல் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பது. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. நூல் போனதும் அங்கே பொட்டு தெரியும். மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைத்தொழிலான இதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் இன்று அச்சுச் சுங்குடியே மிகுதி. கையால் முடிச்சுப் போட்டது அருகிவிட்டது. பிள்ளைகள் போடும் கோணல் முடிச்சுக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

10 வயதுப் பிள்ளைக்குத் துணியை நகத்தில் கிள்ளிப் பிடிப்பது கடினம். அதற்குப் பதில் ஒரு கொண்டைக்கடலையைத் துணிக்கு அடியில் வைத்து, மேலே துருத்துகிற இடத்தின் கழுத்தில் நாலைந்து சுற்று சுற்றினால் போதும். துவரம்பருப்பு வைத்தால் பொட்டு சிறுக்கும். துணியை முதல்நாளே சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயப்பட்டறைச் சாயத்தில் காஸ்டிக் சோடா இருக்கும், பிள்ளைகள் பக்கத்திலேயே போகக் கூடாது. மஞ்சள்தூளைக் கொதிக்கவைத்த தண்ணீர் பளிச்சென்ற நிறம் தரும். கடுக்காய் ஊறிய தண்ணீரில் நனைத்து, துரு ஆணி கிடந்த தண்ணீரில் முக்கினால் துணி சாம்பல் கறுப்பாகும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. காய்ந்ததும் துணியின் இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் சரசரவென்று கழன்று விழும், கடலைகள் தரையில் உருளும். மற்ற வேலையெல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான் என்று பிள்ளைகள் நினைத்தால் தப்பில்லை.

இந்த ஊரில் கைத்தொழில் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்ததில்லை. தறி உள்ள வீட்டில் பள்ளிவிட்டு வந்த பிள்ளை ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றும். அது குடும்ப வேலை. விற்பனைக்கான கைவினையும் இப்படி வேலையாகிவிடுமோ என்ற கேள்வி பழையது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்றார். அந்தப் பொருள்கள் கைவினைஞர்களின் பிழைப்போடு போட்டி போடும் என்று பொருளியலாளர் கே.டி.ஷா அங்கேயே எதிர்த்தார். அந்தக் கல்விக்காக ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடவேளையில் நாளொன்றின் ஐந்தரை மணி நேரத்தில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கே போனது. ஷாவின் பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. சின்னாளப்பட்டியை ஒட்டி டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் அந்தக் கல்விக் கொள்கையின் வழி வந்தது.

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை 2016-இன் சட்டத் திருத்தம் முழுக்கத் தடுக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்வதை விட்டுவைக்கிறது. விடுமுறை விற்பனை சட்டத்தின் கண்ணில் படாது. ஆனாலும் 'நாளைக்குள் 50 உருப்படி' என்று கணக்குப் போடத் தொடங்கினால் அது பட்டறைதான். பிள்ளை அலுத்தால் எழுந்து போகலாம், தான் செய்ததில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றிருந்தால் போதும்.

விலையும் பிள்ளைகள் போடட்டும். ஒரு கைக்குட்டைக்குத் துணி 12 ரூபாய், சாயமும் நூலும் 3 ரூபாய் என்றால் 40 ரூபாய்க்கு விற்கையில் நிற்பது 25. 30 விற்றால் 750 ரூபாய். ஆளுக்கொரு கைக்குட்டை வீட்டுக்குப் போனால் ஒவ்வொன்றின் அடக்கமான 15 ரூபாயும் கணக்கில் ஏற வேண்டும். நாலாம் வகுப்புப் பிள்ளை இதை ஒருதரம் போட்டுப் பார்த்தால் முதல், லாபம் இரண்டும் விளங்கிவிடும். பணம் எதற்கு என்று மேசையில் எழுதி வைப்பதும், விற்று முடித்த மறுநாள் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் வாங்கியவருக்குச் செய்யும் மரியாதை.

மஞ்சள் கைக்குட்டையோடு பிள்ளையின் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டும் போக வேண்டும்: சோப்புப் பட்டால் சிவக்கும், பயப்படாதீர்கள், நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும், நிழலில் உலர்த்துங்கள்.